கொடியும் குடியும்

பத்துப்பாட்டுள் ஒன்றாகிய பட்டினப்பாலை 301 அடிகளை உடையது. கடியலூர் உருத்திரங்கண்ணனார் கரிகாற் பெருவளத்தானைப் பாடியது. பொருள் தேடப் பிரிய எண்ணும் தலைவன் தன் நெஞ்சை நோக்கி, காவிரிப்பூம்பட்டினமே கைக்கு வருவதாயினும் தலைவியைப் பிரிந்து வாரேன் என்று கூறுவதாகப் பாட்டு அமைந்துள்ளது. அகப்பொருள் கூறும் அடிகள் மிகச் சில. எஞ்சியவை எல்லாம் பட்டினத்தையும் மன்னனையும் பற்றியவை. ஆதலின் இப்பாட்டைக் கற்பிப்போர் பலர், நகரைப் பற்றிய பகுதிகளை 'வருணனை' என்னும் ஒரு சொல்லில் அடக்கிவிட்டு, கடலில் வந்த குதிரையும் காலில் வந்த மிளகும் கூறும் வாணிகப் பட்டியலுக்கு விரைந்து சென்றுவிடுவர். அவ்வாறு விரைவோர் தாண்டிச் செல்லும் பகுதிகளுள் ஒன்று, கொடிகளைப் பற்றிய பகுதியாகும்.

அப்பகுதியில் புலவர் பட்டினத்துக் கொடிகளை ஒவ்வொன்றாகக் காட்டி, அவை செறிந்து பரப்பிய நிழலால் ஞாயிற்றின் கதிரும் நகருள் நுழையமாட்டாது என்று முடிக்கின்றார். இதனை உயர்வு நவிற்சி என்று கூறி அமைவது எளிது. ஆனால் உயர்வு நவிற்சி இறுதி அடியில் மட்டுமே உள்ளது. அதற்கு முன் நிற்பவை யாவும் இன்ன கொடி இன்ன இடத்தில் நாட்டப்பட்டது என்று கூறும் செய்திகள். அச்செய்திகளை நிறுத்திப் படித்தால், ஊர் என்பது எவ்வாறு அமைய வேண்டும் என்பது பற்றிய ஒரு கொள்கை அவற்றுள் கிடப்பது புலனாகும். அக்கொள்கை, தோட்டத்தை விட்டு நகரப் புறத்துக் குடியிருப்புகளில் ஏறிவரும் மலேசியத் தமிழர்க்கு இன்று மிகத் தேவையானது.

ஐந்து கொடிகள்

புலவர் சுட்டிக் கூறும் கொடிகள் ஐந்து. பிறவும் உள என்று பின்னர் தொகுத்துரைக்கின்றார். முதலாவது, தெய்வம் உறையும் இடத்து மலரணிந்த வாயிலில் நின்று பலராலும் தொழப்படும் கொடி. இரண்டாவது, பண்டம் நிறைந்த இடத்தில் வெள்ளரிசி தூவிப் பலியிட்டு, மெழுகிய நிலத்தில் கால் நட்டு நிறுத்திய துகிற்கொடி. அது வெண்மணல் பரந்த காட்டாற்றங்கரையில் நிற்கும் கரும்பின் பூவைப்போல் அசைகின்றது. மூன்றாவது, பல கல்வித்துறையும் கற்றுத் தேர்ந்த ஆசிரியர்கள் சொற்போர் குறித்து எடுத்த கொடி. நான்காவது, துறையில் நிற்கும் நாவாய்களின் பாய்மரத்தின்மேல் ஆடுவது. அந்நாவாய்கள் கட்டுத்தறியை அசைக்கும் களிறுகளைப் போன்றுள்ளன. ஐந்தாவது, மீனும் ஊனும் பொரியும் ஓசை மிகுந்த முன்றிலில், மணலைக் குவித்து மலரைச் சிதறி, பலரும் புகும் மனையின் வாயிலில் கட்டிய கள் விற்கும் கொடி.

இவ்வைந்தனுள் இரண்டு சொற்கள் கருதற்பாலன. ஒன்று 'பலர்' என்பது. கோயிற் கொடியைக் கூறுமிடத்தும் அச்சொல் வருகின்றது. கள்ளுக்கடைக் கொடியைக் கூறுமிடத்தும் அச்சொல்லே வருகின்றது. ஒன்றில் பலர் தொழுகின்றனர். மற்றொன்றில் பலர் புகுகின்றனர். தொடக்கத்தும் முடிவினும் ஒரே சொல் அமைந்தது தற்செயல் என்று தள்ளத்தக்கதன்று. தூய்மை எது, இழிவு எது என்று புலவர் தரம் பிரிக்கவில்லை. மக்கள் திரளும் இடம் எது என்பதே அவர் நோக்கம். பலர் கூடும் இடத்திற்கே கொடி உரியது. ஒருவன் தன் செல்வத்தைத் தனியே காட்டிக்கொள்ள நாட்டிய கொடி ஒன்றேனும் இப்பட்டியலில் இல்லை.

மற்றொரு சொல் 'முன்றில்' என்பது. இல்லின் முன்னுள்ள வெளியே முன்றில். கள் விற்கும் மனைக்கு முன்றில் உண்டு. அதைவிடச் சிறப்பாகக் கூறவேண்டுவது, பாட்டின் முற்பகுதியில் வரும் பரதவர் குடியிருப்பு. அவர்தம் கூரை குறுகியது. நெடிய தூண்டிற் கோல்கள் கூரைமேல் சார்த்தப்பட்டுள்ளன. ஆயினும் அவ்வீடுகளுக்கும் மணல் பரந்த முன்றில் உண்டு. அதில் வலை உலர்கின்றது. வெண்மணலில் கிடக்கும் கரிய வலை, நிலவொளியின் நடுவே இருள் வந்து தங்கியது போன்றுள்ளது என்கின்றார் புலவர். கூரை தாழ்ந்த ஏழைக்கும் வீட்டின் முன்னே வெளி இருந்தது. அவ்வெளியில் அவன் தொழிலின் நூல் விரிக்கப்பட்டது. அந்நூலிலும் புலவர் அழகைக் கண்டார். கொடியும் வலையும் ஒரே கண்ணால் காணப்பட்டவை என்க.

எனவே பட்டினப்பாலையின் கொடிகளை அலங்காரம் என்று கூறுதல் குறைபாடு உடையது. எழுத்தறியாதவனும் கப்பலிலிருந்து இறங்கிய வேற்று நாட்டவனும் கொடியைக் கண்டு கோயிலை அறிந்தான், கடையை அறிந்தான், அறிஞர் அவையை அறிந்தான். ஊர் தன்னை வெளியாருக்குப் படித்துக் காட்டும் எழுத்தாகத் துணி பயன்பட்டது. அவ்வெழுத்து நிற்பதற்குக் கூடும் மக்களும், கட்டும் முன்றிலும் வேண்டியிருந்தன.

நெய்தவர் எங்கே?

ஒன்று மட்டும் பட்டினப்பாலையில் விடுபட்டுள்ளது. இத்துணைக் கொடிகளையும் நெய்தவர் எங்குக் குடியிருந்தனர் என்பதை உருத்திரங்கண்ணனார் கூறவில்லை. அக்குறையைச் சிலப்பதிகாரம் நிறைவு செய்கின்றது. அதே புகார் நகரின் மருவூர்ப்பாக்கத்தை விரிக்கும் இளங்கோவடிகள், பட்டிலும் மயிரிலும் பருத்தி நூலிலும் நுண்ணிய வேலை செய்யும் காருகருடைய இருக்கையைக் கூறுகின்றார். இருக்கை என்றது குடியிருப்பை. மதுரையைக் காட்டுமிடத்தும் அறுவை வீதி என ஒரு வீதியையே துணிக்கென ஒதுக்கிக் காட்டுகின்றார்.

மணிமேகலையின் விழாவறை காதையும் இங்கு ஒப்புநோக்கத் தக்கது. இருபத்தெட்டு நாள் நடைபெறும் இந்திர விழாவை வள்ளுவன் முரசறைந்து அறிவிக்கின்றான். வீதியிலும் மன்றத்திலும் பழைய மணலை மாற்றிப் புதிய மணலைப் பரப்புக என்கின்றான். கொடிகளை நாட்டுக என்கின்றான். அதே அறிவிப்பில், வாதம் செய்ய வல்லோர் பட்டிமண்டபம் ஏறுக என்றும் கூறுகின்றான். வீதியைச் செப்பனிடலும் துணி கட்டுதலும் அறிவை விளக்குதலும் ஒரே முரசில் அடங்கின. குடியிருப்பு, கலை, கல்வி என்னும் மூன்றையும் மூன்று துறையினர் தனித்தனியே ஆளும் இக்காலத்தார் இதனை நின்று எண்ண வேண்டும்.

குடந்தைத் தெருக்கள்

இம்மூன்றும் ஓரூரில் இணைந்திருந்தமைக்கு அண்மைக் காலச் சான்று கும்பகோணம். 1854ஆம் ஆண்டில் தோன்றிய கல்விச்சாலை, பின்னர் அரசினர் கல்லூரியாக வளர்ந்து, அவ்வூரைச் சோழ நாட்டின் கல்லூரி நகரமாக்கிற்று. அக்கல்லூரியில் 1880 முதல் 1903 வரை தமிழாசிரியராய் இருந்தவர் டாக்டர் உ. வே. சாமிநாதையர். அவ்வூருக்கு முன்சீபாக வந்த சேலம் இராமசாமி முதலியாரின் உரையாடலே அவரைப் பழந்தமிழ் நூல்களின் பக்கம் திருப்பிற்று. 1887இல் சிந்தாமணியும், 1889இல் நச்சினார்க்கினியர் உரையுடன் பத்துப்பாட்டும், 1892இல் சிலப்பதிகாரமும், 1898இல் மணிமேகலையும் அவர் பதிப்பாக வெளிவந்தன. பட்டினப்பாலையின் கொடிகள் இன்று வகுப்பறையில் அசைகின்றன என்றால், அவற்றை ஓலையினின்று மீட்டது ஒரு கல்லூரி நகரத்து ஆசிரியரின் கை.

அந்நகரம் நெசவு நகரமும் ஆகும். சௌராட்டிர நெசவாளர் பல தலைமுறைகளாக அங்கே குடியிருந்து பட்டு நெய்து வந்துள்ளனர். அருகிலுள்ள தாராசுரமும் திருபுவனமும் தறியோசை மிகுந்த ஊர்கள். திருபுவனப் பட்டுச் சேலைக்கு 2019இல் புவிசார் குறியீடு வழங்கப்பட்டது. இத்தகைய ஊர்களில் நெசவாளர் வீடு தெருவை நோக்கிக் குறுகி, உள்ளே நீண்டு செல்லும். முன்னே திண்ணை, உள்ளே தறி. குழித்தறிக்கு மண் தரை வேண்டும். நெய்பவர் கால் வைத்து மிதிக்கக் குழி தோண்ட வேண்டும். ஆதலின் மாடிமேல் மாடியாக அடுக்கிய வீட்டில் குழித்தறி நிற்காது. பாவு விரிப்பதற்கோ வீடு போதாது, தெரு வேண்டும். விடியற்காலையில் தெருவின் நீளத்திற்குப் பாவினை இழுத்துக் கட்டி, அறுந்த இழைகளை முடிந்து, கஞ்சி தோய்ப்பர். இப்பணிக்கு அண்டை வீட்டாரின் கைகளும் வேண்டும். தெருவில் செல்வோர் விலகிப் போகும் பண்பும் வேண்டும். ஒரு சேலை நெய்யத் தெருவே கூடிற்று என்று கூறினும் மிகையாகாது. வீடு மாறினால் தறி மாளும் என்பதை அரசினரும் பின்னர் உணர்ந்தனர். இந்திய அரசு ஏழாவது ஐந்தாண்டுத் திட்டக் காலத்தில் (1985-1990) கைத்தறியாளர்க்கு வீட்டுடன் தறிக்கூடமும் சேர்த்துக் கட்டித்தரும் திட்டத்தைக் கொண்டுவந்தது இவ்வுணர்வினால் எனலாம்.

நெய்த துணி விலைக்குப் போயிற்று. ஊருக்கென்று நின்ற துணி வேறு. தேர்த் திருவிழாவின்போது மரத்தேரின்மேல் மூங்கிலால் சட்டம் கட்டி, அதன்மேல் தேர்ச்சீலை போர்த்துவர். செந்துணியில் பல நிறத் துணிகளை வெட்டி ஒட்டித் தைத்த யாளியும் மயிலும் தெய்வ உருவங்களும் அதில் விளங்கும். உருளை வடிவில் தொங்கும் தொம்பைகள் காற்றில் சுழலும். கோயிலுள் விதானமும் வாயில் தொங்கல்களும் கட்டப்படும். கொள்ளிடக் கரைப் பகுதியில், சிக்கல்நாயக்கன்பேட்டை போன்ற சிற்றூர்களில், எழுதுகோலால் துணியில் சாயம் எழுதும் கலை வாழ்கின்றது. தஞ்சை மராட்டியர் காலத்தில் புகழ்பெற்ற கோடாலிக் கருப்பூர்த் துணி வேலையின் வழித்தோன்றலாகிய இதற்குக் 'கருப்பூர்க் கலம்காரி' என்னும் பெயரில் 2021இல் புவிசார் குறியீடு கிடைத்தது.

குடந்தைச் சாரங்கபாணி கோயிலின் கருவறை, கல்லால் அமைந்த தேர் வடிவினது. சக்கரமும் குதிரையும் யானையும் கல்லே. வெளியே வீதியில் ஓடும் தேரோ மரமும் மூங்கிலும் துணியும். கல் தேர் பல நூற்றாண்டு நிற்கும். துணித் தேர் மழையிலும் வெயிலிலும் நைந்து போகும்; மீண்டும் தைக்க வேண்டும். எது சிறந்தது என்று வினவின், கலை வரலாறு கற்றோர் கல்லையே காட்டுவர். சமுதாய வாழ்வை நோக்குவோர் துணியைக் காட்டுவர். நைந்துபோகும் பொருள் ஆண்டுதோறும் மக்களைக் கூட்டுகின்றது. பழைய கை புதிய கைக்குத் தையலைக் கற்பிக்க நேர்கின்றது. துணிக் கலையின் அழியும் தன்மையே அதன் ஆற்றல். அதனை அருங்காட்சியகக் கண்ணாடிக்குள் வைத்துக் காப்பது நன்றே. ஆயின் அதுவே போதும் என எண்ணுவது, விதையைப் பேழையுள் வைத்துவிட்டு வயலை விற்பது போன்றது.

இனி, அந்நகரத்து வீடுகளுள் ஒன்றை நோக்குதல் தகும். சாரங்கபாணி சன்னதித் தெருவில் உள்ள அச்சிறு வீட்டில் வளர்ந்தவர் கணித மேதை இராமானுசன். அவர் தந்தையார் துணிக்கடையில் கணக்கர். தாயார் கோயிலில் பாடுபவர். வருவாய் போதாமையின், கல்லூரி மாணவர்களை வீட்டில் தங்கவைத்து உணவளித்து வந்தார். அவ்வாறு தங்கிய கல்லூரி மாணவர் இருவருடைய கணிதத்தைச் சிறுவர் தமது பதினோராம் வயதளவிலேயே கற்றுத் தீர்த்துவிட்டார் என்பது அவர் வரலாற்றை எழுதியோர் கூறும் செய்தி. துணிக்கடைச் சம்பளமும், கோயிற் பாட்டும், கல்லூரி மாணவர்க்குத் திறந்த கதவும் ஒரே கூரையின்கீழ் இருந்தன. கல்லூரியின் கணிதம் கல்லூரிக்குச் செல்லாத சிறுவனை வந்தடைந்தது அக்கதவு வழியாகவே. கல்லூரி நகரம் என்பதன் பொருள் இதுவே. கல்லூரி ஓர் ஊரில் இருப்பதனால் மட்டும் அவ்வூர் கல்லூரி நகரமாகிவிடாது. கல்லூரியின் அறிவு ஊரார் வீட்டுத் திண்ணை வரை வந்து அமர வேண்டும்.

காழகத்தின் பக்கம்

பட்டினப்பாலையின் வாணிகப் பட்டியலில் 'காழகத்து ஆக்கமும்' இடம் பெற்றுள்ளது. காழகம் என்பதற்குக் கடாரம் என்று பொருள் உரைத்தார் நச்சினார்க்கினியர். கடாரம் இன்றைய கெடா. பின்னர் 15, 16ஆம் நூற்றாண்டுகளில் சோழமண்டலக் கரைத் துணி மலாக்காத் துறையில் இறங்கி, கீழ்த்திசைத் தீவுகளின் நறுமணப் பொருள்களுக்கு மாற்றாகச் சென்றது. அத்துணியுடன் வந்து தங்கிய வணிகரின் வழித்தோன்றல்களே மலாக்காச் செட்டிகள். மலாய் மொழியே வீட்டு மொழியாகிவிட்ட பின்னும் அவர்கள் சைவ வழிபாட்டை விடவில்லை. டச்சுக்காரர் ஆட்சியில், 1781இல், பொய்யாத விநாயகர் கோயில் எழுந்தது. காஜா பெராங்கிலுள்ள அவர்தம் கம்பத்தில் வீட்டு வாயிலில் மாவிலைத் தோரணம் தொங்குவதை இன்றும் காணலாம். மொழி போன பின்னும் வாயிலில் கட்டும் வழக்கம் நிற்கின்றது என்பது, வாயிலும் வரிசையாய் அமைந்த வீடும் அவர்களுக்கு நிலைத்தமையால் என்று கருத இடமுண்டு.

தோட்டப்புறத் தமிழர் வரலாறு வேறு. அலோர் காஜா மாவட்டத்தில் காடேக், கெமுனிங், ரெம்பியா, தெபோங், மாச்சாப் முதலிய வட்டாரங்களில் இரப்பர்த் தோட்டங்களை நம்பிக் குடும்பங்கள் வாழ்ந்தன. லயத்து வீடு நல்ல வீடன்று. இடம் குறுகியது, புகை சூழ்ந்தது, குழாயும் கழிப்பிடமும் பலருக்குப் பொது. எல்லாவற்றினும் கொடியது, வேலை போனால் வீடும் போகும் என்பது. அதனைப் பொற்காலம் என்று பாடுவோர், அங்குப் பிறந்து வளர்ந்தோரின் துன்பத்தை மறந்தோரே ஆவர். 1951 முதல் 1960 வரை தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது தொழிலாளர் உற்ற இடர்களை உங்கு அசிஸ் ஆய்ந்து எழுதினார். அவ்விடரைத் தடுக்கவே துன் வீ. தி. சம்பந்தனார் 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். பத்து வெள்ளி பத்து வெள்ளியாகச் சேர்த்துத் தொழிலாளரே தோட்டத்திற்கு உடையவராக வேண்டும் என்பது அம்முயற்சியின் நோக்கம். சொந்தக் கூரை என்பது எத்துணைப் பெரிய வேட்கை என்பதற்கு அதுவே சான்று.

ஆயினும் லயத்தில் ஒன்று இருந்தது. லயத்திற்கு முன்னே மண்வெளி இருந்தது. பிரட்டுக்களம், ஆயாக் கொட்டகை, பள்ளிக்கூடம், கள்ளுக்கடை, மாரியம்மன் கோயில் ஆகியவை நடந்து செல்லும் தொலைவில் இருந்தன. திருவிழா வந்தால் மஞ்சள் துணியில் கொடி ஏறும், காப்புக் கட்டுவர், தேரைச் சுற்றித் துணி தைத்துக் கட்டுவர், தோரணமும் பந்தலும் லயத்தின் முன்வெளியிலேயே ஆயத்தமாகும். சேலைத் துண்டுகளைக் கொண்டு தாய்மார் தைத்த திரை, சன்னதியில் தொங்கும். கூரை குறுகியது, முன்றில் அகன்றது என்னும் பரதவர் குடியிருப்பின் நிலை அதுவே. வறுமையில் ஒத்தது போலவே, வெளியை உடைமையிலும் ஒத்திருந்தது.

கதவு அடைத்த வீடுகள்

இன்று அக்குடும்பங்களுட் பல அலோர் காஜா, புலாவ் செபாங், மஸ்ஜித் தானா, டுரியான் துங்கால் ஆகிய ஊர்ப்புறங்களின் தாமான்களில் குடியேறியுள்ளன. கல் வீடு, சொந்தப் பெயரில் பத்திரம், ஒவ்வொரு வீட்டிற்கும் தண்ணீர், மின்சாரம். இது பேறு, இதனைக் குறை கூறுதல் அறியாமை. ஆயினும் வீட்டின் முன்வெளியைச் சீருந்து எடுத்துக்கொண்டது. அதன்முன் இரும்புக் கதவு. கதவின் அப்பால் தார்ச்சாலை. முன்றில் என்னும் சொல்லுக்கு இவ்வரிசையில் இடமில்லை. மணல் பரப்பவும் பந்தல் தைக்கவும் எவர் வாசலும் எவருக்கும் உரித்தன்று. திருவிழாவிற்கு வேண்டிய துணி வாடகைக்கு வருகின்றது. அல்லது பொறியில் அச்சிட்ட பிளாஸ்டிக் பதாகையாக வருகின்றது. அப்பதாகையில் தெய்வத்தின் உருவினும், நன்கொடை அளித்தோர் உருவம் பெரிதாக அமைவதும் உண்டு. பட்டினத்துக் கொடி பலரைச் சுட்டிற்று. இக்கொடி ஒருவரைச் சுட்டுகின்றது. அச்சின் குறை இதுவன்று. கூடித் தைக்கும் இடம் போனபின், எஞ்சுவது விலைக்கு வாங்கும் துணியே.

கூடித் தைத்தல் இக்காலத்திற்கு ஒவ்வாத பழமை என்று கூறுவார் உளராயின், அவர் 1987இல் அமெரிக்கத் தலைநகரில் நிகழ்ந்ததை அறிதல் நலம். எய்ட்சு நோயால் மாண்டோரின் நினைவாக, அவர்தம் உற்றாரும் நண்பரும் ஆளுக்கொரு துண்டாகத் தைத்த துணிகளை இணைத்து, வாஷிங்டன் நகரத்துப் பெருவெளியில் விரித்தனர். ஒவ்வொரு துண்டும் ஆறடி நீளம், மூன்றடி அகலம். ஒரு புதைகுழியின் அளவு. அன்று விரிந்தவை 1,920 துண்டுகள். துயரையும் உரிமையையும் நாட்டார்முன் வைக்க, பொறிகள் மலிந்த அந்நாட்டினரும் ஊசியையும் நூலையுமே தேடினர். அவர்களுக்கும் இரண்டு பொருள்களே தேவைப்பட்டன: பலர் வேண்டும், விரிக்க வெளி வேண்டும்.

இனி, இவ்வூர்ப்புறங்கள் கல்லூரி ஊர்களாகவும் ஆகிவிட்டன. லெண்டுவில் மாரா தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் வளாகம் உள்ளது. மஸ்ஜித் தானாவை அடுத்து மலாக்கா மெட்ரிகுலேசன் கல்லூரி உள்ளது. 2000ஆம் ஆண்டில் தொழில்நுட்பக் கல்லூரிப் பல்கலைக்கழகமாகத் தொடங்கி, 2007இல் பல்கலைக்கழகமாகிய மலாக்கா மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம், டுரியான் துங்காலில் உள்ளது. தாமான் வீடுகள் பல, மாணவர்க்கு வாடகை வீடுகளாயின. வாடகை வருவது வீட்டுக்காரர்க்கு நன்மை. ஆனால் அவ்வீட்டுக் கதவும் அடைத்தே உள்ளது. பல மாநிலங்களினின்று வரும் மாணவர், சில ஆண்டுகள் இருந்து, விடுமுறைக்கெல்லாம் ஊர் திரும்பி, பட்டம் பெற்றதும் போய்விடுகின்றனர். அடுத்த வீட்டுச் சிறுவனுக்கு அவர்தம் கணிதம் கேட்பதில்லை. அடுத்த தெருக் கோயிலின் தேர்த்துணியை யார் தைத்தார் என்பதும் அவர்களுக்குத் தெரிவதில்லை. கல்லூரி ஊரில் இருந்தும், ஊர் கல்லூரி நகரமாகவில்லை.

இதற்கு யாரையும் பழிப்பதிற் பயனில்லை. வீடு கட்டுவோர் சதுர அடியை அளக்கின்றனர். அது அவர் கடமை. பலர் கூடும் இடத்தை அளக்கும் கோல் அவரிடம் இல்லை. அக்கோல் பட்டினப்பாலையில் இருக்கின்றது. புதிய குடியிருப்பு ஒன்றைக் கண்டதும் வினவவேண்டிய வினா ஒன்றே: இங்கு ஒரு கொடியை எங்கே கட்டுவது? கட்டுவதற்கு இடமும், கட்டும்போது கூடுவோரும் உளராயின் அது ஊர். இல்லையேல், அது வீடுகளின் வரிசை மட்டுமே. குடியிருப்போர் சங்கங்கள் வழிபாட்டு மனை கேட்கின்றன. விளையாட்டுத் திடல் கேட்கின்றன. இவற்றுடன், கூரை வேய்ந்த ஒரு பொதுக்கூடத்தையும் அதன் முன்னே ஒரு திறந்த வெளியையும் முதலிலேயே கேட்டுப் பெறுதல் வேண்டும். தையல் எந்திரம் நான்கு வைக்கவும் தேர்த்துணியை விரித்து மடிக்கவும் இடம் போதுமாயின், அக்கூடத்தில் மற்றப் பணிகளும் தாமே வந்து சேரும்.

நடுவே நிற்கும் கொடி

ஆசிரியர்க்கும் இதிற் பங்குண்டு. தோட்டம் விற்கப்பட்டுக் கோயில் இடம் மாறும்போது, செம்புக் குடத்தையும் வேலையும் எடுத்துச் செல்வோர், நைந்த திரையையும் பழைய கொடித்துணியையும் விட்டுச் செல்வர், அல்லது எரித்துவிடுவர். அவற்றுள் எந்தத் தாய் எந்தத் தையலைப் போட்டார் என்பதைக் கேட்டு எழுதி வைக்க, பள்ளி மாணவரினும் தக்கார் இலர். பாட்டிமார் இன்னும் உள்ளனர். வடிவமைப்பும் துணியும் கற்கும் மாணவர் கல்லூரியில் உள்ளனர். இருவரையும் ஒரு பாயில் அமர்த்தும் இடம் தமிழ்ப்பள்ளியாகலாம். அன்று கல்லூரியின் அறிவு தெருவிற்கு வரும். தெருவின் அறிவு கல்லூரிக்குச் செல்லும்.

பட்டினப்பாலையை வகுப்பில் கற்பிக்கும்போது, இது எவ்வகை அணி என்று கேட்பதற்கு முன், இக்கொடி யார் வாயிலில் கட்டப்பட்டது, அவ்வாயிலில் யார் நின்றனர் என்று கேட்டல் நன்று. கேட்ட மாணவன் தன் தெருவை நோக்குவான். அதன்பின் பாட்டின் அமைப்பும் அவனுக்குத் தானே விளங்கும். ஐந்து கொடிகளையும் வரிசையாக எண்ணினால், தெய்வத்தின் கொடியும் பண்டத்தின் கொடியும் ஒரு பக்கம். நாவாயின் கொடியும் கள்ளின் கொடியும் மறுபக்கம். இவற்றின் நடுவே, மூன்றாவதாக நிற்பது ஆசிரியர் எடுத்த கொடி. அது கூரைக்குள் மறைத்து வைத்த கொடியன்று. வருக, வினவுக, மறுத்துரைக்க என்று ஊரைக் கூவி அழைத்த கொடி. கோயிலுக்குத் தேர் தைக்கும் கையும், கடைத்தெருவில் பேரம் பேசும் வாயும், துறைமுகத்தில் வந்திறங்கிய காலும் அதன் கீழ் வந்து நிற்க இடமிருந்தது. அலோர் காஜாவின் தமிழாசிரியர்கள் தம் பள்ளி வாயிலில் அத்தகைய கொடி ஒன்றை மாணவர் கையாலேயே தைத்து ஏற்றுவார்களாயின், அடைத்த கதவுகளுள் சிலவேனும் திறக்கும்.